ஒரு மெட்டும் நூறு குரல்களும்: 'ஸ்லெங் டெங்' வரலாறு

பாட்டு யாருக்கு உரியது? பாடியவருக்கா, எழுதியவருக்கா, மெட்டமைத்தவருக்கா? இக்கேள்வி தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று. காவடிச் சிந்தின் மெட்டிலே பின்வந்த புலவர் எத்தனையோ பேர் எத்தனையோ பொருள்பற்றிப் பாட்டுக் கட்டியிருக்கின்றனர். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாட்டின் தலைப்பில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். முன்னவர் போட்ட மெட்டைப் பின்னவர் எடுத்தாளுவதைக் களவென்று எவரும் கருதவில்லை. எந்தப் பாட்டின் மெட்டு என்பதைச் சொல்லிவிட்டால் கடன் தீர்ந்தது என்பதே அந்நாளைய வழக்கு.

இத்தகைய வழக்கம் ஒரு நாட்டில் பெருந்தொழிலாகவே வளர்ந்து, உலக இசையின் போக்கையும் மாற்றியிருக்கிறது. கரீபியக் கடலிலுள்ள ஜமைக்கா என்னும் சிறு தீவே அந்நாடு. அங்கே 1985-ஆம் ஆண்டில் எழுந்த ஒரு மெட்டின் வரலாற்றை ஆராய்ந்தால், பாட்டு யாருக்கு உரியது என்னும் கேள்வி எவ்வளவு கடினமானது என்பது விளங்கும்.

ரிதிம் என்பது யாது?

தாளத்தைக் குறிக்கும் 'ரிதம்' என்னும் ஆங்கிலச் சொல் ஜமைக்கா மக்களின் நாவில் 'ரிதிம்' ஆயிற்று. சொல் மாறியதோடு பொருளும் விரிந்தது. முரசும், 'பேஸ்' எனப்படும் தாழ்சுர இசையும் சேர்ந்து, குரல் இல்லாமல் தனித்து நிற்கும் அடித்தளத்தையே அவர்கள் ரிதிம் என்கின்றனர். ஒரு வீட்டிற்கு அடித்தளம் எப்படியோ அப்படிப் பாட்டுக்கு ரிதிம். வேறுபாடு ஒன்றே: ஒரே அடித்தளத்தின்மேல் ஐம்பது வீடும் கட்டலாம், நூறு வீடும் கட்டலாம். ஒவ்வொரு ரிதிமுக்கும் ஒரு பெயர் உண்டு. அதன்மேல் முதலில் புகழ்பெற்ற பாட்டின் பெயரே பெரும்பாலும் அதற்கு நிலைத்துவிடும்.

இம்முறை எப்படித் தோன்றியது? 1950-களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழை மக்களுக்கு வாத்தியக் கோஷ்டியை அமர்த்தி ஆடிப்பாடும் வசதி இல்லை. ஆதலின் திறந்த வெளியிலே பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு நடனம் நடத்தும் குழுக்கள் எழுந்தன. 'சவுண்ட் சிஸ்டம்' என்பது இக்குழுக்களின் பெயர். எந்தக் குழுவிடம் பிறரிடம் இல்லாத இசைத்தட்டு இருக்கிறதோ, அந்தக் குழுவுக்கே கூட்டம் சேரும். இப்போட்டியின் காரணமாகக் குழுத்தலைவர்கள் தாமே பாட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினர். கிளமென்ட் 'காக்ஸன்' டாட், டியூக் ரீட் ஆகிய இருவரும் இவர்களுள் தலையாயவர்கள். டாட் 1963-இல் பிரென்ட்ஃபோர்டு சாலையில் 'ஸ்டூடியோ ஒன்' என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார்.

1960-களின் பிற்பகுதியில் ஒரு சிறு நிகழ்ச்சி நேர்ந்தது. ஸ்பானிஷ் டவுன் என்னும் ஊரிலே சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரடி ரெட்வுட் என்பவருக்காக, பாரகன்ஸ் குழுவினரின் பாட்டு ஒன்றைத் தட்டில் வெட்டியபோது, பொறியாளர் குரலைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். குரலற்ற அத்தட்டை ரெட்வுட் நடனத்திடலில் ஒலிக்கவிட்டார். கூடியிருந்த மக்களே பாட்டைப் பாடத் தொடங்கினர்! அதுமுதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டும், மறுபக்கத்தில் குரலில்லாத 'வெர்ஷ'னும் இடம்பெறலாயின. அந்த வெற்றிடத்தில் பேச்சும் பாட்டும் கலந்த நடையில் கவி சொல்லுவோர் புகுந்தனர். அவர்களை அந்நாட்டார் 'டீஜே' என்று வழங்கினர். 1970-இல் யூ-ராய் என்பவர் பதிவு செய்த தட்டுகள் இக்கலைக்குப் பெருமதிப்பைத் தேடித்தந்தன. 1974-இல் ரூப்பி எட்வர்ட்ஸ் என்னும் தயாரிப்பாளர், முழுவதும் ஒரே ரிதிமின்மேல் அமைந்த பாட்டுகளைத் தொகுத்து ஓர் இசைத்தட்டாகவே வெளியிட்டார்.

இதிலே கலையோடு பொருளாதாரமும் கலந்திருந்தது. வாத்தியக்காரர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து ஒரு ரிதிமைப் பதிவு செய்துகொண்டால், அதன்மேல் எத்தனை குரல்களை வேண்டுமானாலும் ஏற்றலாம். டாடின் கூடத்தில் 'சவுண்ட் டைமென்ஷன்' குழுவினர் 1967-இல் வாசித்த 'ரியல் ராக்' என்னும் ரிதிமின்மேல் பின்னாளில் எழுந்த பாட்டுகள் நூற்றுக்கணக்கானவை. வாசித்தவர்களுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் அன்றைய கூலி மட்டுமே. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

வாட்டர்ஹவுஸ் பட்டறை

கிங்ஸ்டனின் மேற்கே வாட்டர்ஹவுஸ் என்பது உழைப்பாளர் வாழும் ஒரு பகுதி. அங்கே ஆஸ்போர்ன் ரடாக் என்னும் மின்பொறியாளர் வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் பழுதுபார்த்துவந்தார். 'கிங் டப்பி' என்ற பெயரால் உலகம் அறிந்தவர் இவரே. பதிவான பாட்டிலிருந்து குரலை நீக்கியும், எதிரொலியைச் சேர்த்தும், 'டப்' என்னும் புதுவகை இசையை வகுத்தவர் இவர். இவரிடம் தொழில் பயின்றவர்களுள் ஒருவர் லாயிட் ஜேம்ஸ். 1947-இல் பிறந்த இவர், சில ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்து 1970-களில் தாயகம் திரும்பினார். ஆசிரியர் 'கிங்' ஆகையால், மாணவர் 'பிரின்ஸ் ஜாமி' எனப்பட்டார். அரசருக்கு இளவரசர்! இவரும் வாட்டர்ஹவுஸில் தம் இல்லத்திலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, ஒரு சவுண்ட் சிஸ்டமும் நடத்திவந்தார்.

1980-களின் தொடக்கத்தில், நடனக் கூடத்தின் பெயராலேயே 'டான்ஸ்ஹால்' என்று வழங்கும் இசை ஜமைக்காவில் ஓங்கி நின்றது. ஆயினும் ரிதிம்களை வாசித்தவர்கள் இன்னும் மனிதர்களே. முரசுக்கு ஒருவர், பேஸ் கிதாருக்கு ஒருவர், பியானோவுக்கு ஒருவர் என்று கூடியே ஒலிப்பதிவு நடந்துவந்தது. இந்நிலை மாறுதற்குரிய வித்து ஜமைக்காவில் ஊன்றப்படவில்லை. ஏறக்குறைய எட்டாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஜப்பானில் அது ஊன்றப்பட்டது.

டோக்கியோவில் ஒரு பெண்

கணக்கிடும் கருவிகளால் பேர்பெற்ற காசியோ நிறுவனம், 1980-இல் மின் இசைக்கருவிகள் செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில், இசைக் கல்லூரியில் பயின்று வெளிவந்த ஒக்குடா ஹிரோக்கோ என்னும் இளம்பெண் அந்நிறுவனத்தில் வேலைக்கமர்ந்தார். இவர் கல்லூரியில் எழுதிய ஆய்வுரை எதைப்பற்றியது தெரியுமா? ஜமைக்காவின் ரெகே இசையைப்பற்றியது!

1981-இல் வெளிவந்த 'எம்.டி.-40' என்னும் சிறு கருவிக்குத் தாளங்களை அமைக்கும் பொறுப்பு ஒக்குடாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்கருவியிலே 37 சிறு கட்டைகளும், தாழ்சுரத்துக்கென்று 15 கட்டைகளும் உண்டு. இசை பயிலாதவரும் ஒரு பொத்தானை அழுத்தி மகிழும்படி, சில தாளங்களை அதனுள்ளேயே பதித்துவைத்தனர். அவற்றுள் 'ராக்' என்ற பெயருடைய தாளமும், அதனோடு ஓடும் பேஸ் இசையும் ஒக்குடா அமைத்தவை. அதனைப் பழைய ராக் பாட்டுகளோடு ஒப்பிட்டுக் காட்டியோர் பலர் உளர். எது எவ்வாறாயினும், வீட்டுப் பிள்ளைகள் பழகுவதற்கென்று செய்த கருவியில் அடங்கிய சிறிய இசை அது. அது ஒரு நாட்டின் இசையைப் புரட்டப்போகிறது என்று யார் நினைத்திருப்பார்?

அக்கருவிகளுள் ஒன்று ஜமைக்காவில் நோயல் டேவி என்னும் இளைஞரின் கைக்கு வந்துசேர்ந்தது. அவரும் பாடகரான வெய்ன் ஸ்மித்தும் நண்பர்கள். 1965-இல் பிறந்த ஸ்மித், இளமையிலேயே ஜாமியிடம் பாட்டுப் பதிவு செய்தவர். இருவரும் கருவியை அழுத்திப் பார்த்தவாறு இருக்கையில் அந்த 'ராக்' தாளம் அவர்கள் செவியில் பட்டது. அதனை ஜாமியிடம் கொண்டுசென்றனர். ஜாமி முதலில் அதன் வேகத்தைக் குறைத்தார். விரைந்து துள்ளிய ராக் இசை, வேகம் தணிந்தவுடன் ரெகேயின் நடைபெற்று அசையத் தொடங்கிற்று. டோனி ஆஷர் பியானோ ஒலியைச் சேர்த்தார். கைத்தட்டலை ஒத்த மின்முரசொலியும் சேர்ந்தது. ரெகேயில் ஊறிய உள்ளத்தில் தோன்றிய ஓர் இசை, ரெகேயின் தாயகத்துக்கே சென்று தன் இயல்பான நடையைக் கண்டுகொண்டது என்றால் பொருந்தும்.

இந்த ரிதிமின்மேல் ஸ்மித் பாடிய பாட்டு 'அண்டர் மி ஸ்லெங் டெங்'. பாட்டின் சொற்களும் முற்றிலும் புதியன அல்ல. பாரிங்டன் லெவியும் எல்லோமேனும் முன்னர்ப் பாடிய இரு பாட்டுகளின் தொடரமைப்பைப் பின்பற்றியே இத்தலைப்பு அமைந்தது. பொருளோ, கொக்கேயின் என்னும் கொடிய மருந்தை ஒதுக்கிக் கஞ்சாவைக் கொண்டாடுவது. கஞ்சாவுக்கு ஜமைக்காவில் வழங்கும் பெயரும் 'கஞ்சா'வே. 1845 முதல் அத்தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரோடு கடல் கடந்த சொல் அது. பாட்டின் கருத்தை நாம் ஏற்கவேண்டுவதில்லை. வரலாற்றை உள்ளவாறு கூறுதல் கடமை.

பிப்ரவரி 23

1985-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் இரவு. கிங்ஸ்டனில் வால்தம் பார்க் சாலையில் ஜாமியின் சவுண்ட் சிஸ்டத்துக்கும் 'பிளாக் ஸ்கார்ப்பியோ' என்னும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் போட்டி. ஒருவர் ஒரு தட்டை ஒலிக்கவிட, மற்றவர் அதற்கு மறுமொழியாக வேறொன்றை ஒலிக்கவிட, கூட்டத்தாரின் ஆரவாரமே வெற்றியை முடிவுசெய்யும். புலவர்கள் அவையில் நடத்திய வாதுப் போரைப் போன்றது இது. அன்றிரவு ஜாமி தம் புதிய ரிதிமை அவிழ்த்துவிட்டார். அத்தகைய ஒலியை அத்திடல் அதற்குமுன் கேட்டதில்லை. தோலின் அதிர்வும் நரம்பின் மீட்டலும் இல்லாத மின்னொலி ஒன்று நெஞ்சாங்கூட்டிலே மோதியது. எதிர்க்குழுவினரிடம் அதற்கு விடையில்லை. இளவரசர் ஜாமி அவ்வாண்டிலிருந்து 'கிங் ஜாமி' ஆனார்.

மின்கருவிகளை அதற்குமுன் ஜமைக்காவில் எவரும் பயன்படுத்தவில்லை என்பதன்று. வாத்தியக்காரரே இல்லாமல் முழுவதும் மின்கருவியால் ஆன ஒரு ரிதிம் பெருவெற்றி கண்டது இதுவே முதல்முறை. அதனால்தான் இசை வரலாற்றாசிரியர் இதனை ஓர் ஊழியின் தொடக்கம் என்கின்றனர்.

குரல் கொடுத்தோர்

ரிதிமின் பெருமை அதன்மேல் ஏறிய குரல்களால் விளங்கும். ஸ்லெங் டெங்கின்மேல் ஜாமியே அவ்வாண்டில் பலரைப் பாடச் செய்தார். அவர்களுள் மூவரை மட்டும் இங்கே காண்போம்.

முதலாமவர் ஜானி ஆஸ்போர்ன். 1948-இல் பிறந்த இவர், ஸ்டூடியோ ஒன்னில் வாத்தியக்காரர்கள் வாசித்த ரிதிம்களின்மேல் பாடிப் புகழ்கொண்ட மூத்த பாடகர். பழைய முறையில் தேர்ந்தவர் புதிய ஒலியைக் கண்டு ஒதுங்கவில்லை. 'பட்டி பை' என்னும் பாட்டிலே, போட்டிக்கு வரும் சவுண்ட் சிஸ்டத்துக்கு விடைகொடுத்து அனுப்புவதுபோல் எக்களிப்போடு பாடினார். அனுபவம் முதிர்ந்த குரலுக்கும் இயந்திரத்துக்கும் பகையில்லை என்பதற்கு அப்பாட்டு சான்றாகும்.

இரண்டாமவர் டெனர் சா. கிளைவ் பிரைட் என்பது இயற்பெயர். கூர்மையும் துயரமும் ஒருங்கே தோய்ந்த குரல் இவருடையது. 'பம்ப்கின் பெல்லி' என்னும் பாட்டுக்கு ஒரு பழமொழியை அடிப்படையாகக் கொண்டார். பூசணிக்காயின் வயிற்றினுள் நீர் எவ்வழியே புகுந்தது என்று வியக்கும் பழமொழி அது. இளநீருக்குள் நீர் வைத்தவர் யாரென்று வியக்கும் நமக்கு அவ்வியப்பு எளிதில் விளங்கும். பாட்டனும் பாட்டியும் சொன்ன மொழி, ஜப்பானியக் கருவியின் ஒலிமேல் ஏறி நின்றது! அதே 1985-இல் வின்ஸ்டன் ரைலியின் 'ஸ்டாலாக்' என்னும் பழைய ரிதிமின்மேல் இவர் பாடிய 'ரிங் தி அலார்ம்' இன்றும் நடனத்திடல்களில் ஒலிக்கிறது. வாத்தியக்காரர் வாசித்த ரிதிமிலும் மின்கருவியின் ரிதிமிலும் ஒரே ஆண்டில் சிறந்து விளங்கிய இவர், 1988-இல் அமெரிக்காவில் இளமையிலேயே உயிர்நீத்தார்.

மூன்றாமவர் டீஜே ஜான் வெய்ன். 'கால் தி பொலீஸ்' என்னும் இவருடைய பாட்டு, இசையினும் பேச்சு மிகுந்தது. ஒருவர் இழுத்துப் பாட, ஒருவர் பழமொழி சொல்ல, ஒருவர் பேசிக் கலகலக்க, அடித்தளம் மட்டும் மாறாதிருந்தது. யாப்பு ஒன்றாயினும் ஒவ்வொரு புலவரின் வெண்பாவும் ஒவ்வொரு சுவையுடையதன்றோ? ஒரே ரிதிமைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிப்புத் தட்டாதா என்று வினவுவோர்க்கு இதுவே விடை. அடித்தளம் பழகிய செவிக்குத்தான் குரலின் நுட்பம் புலப்படும்.

பிற தயாரிப்பாளர்களும் வாளாவிருக்கவில்லை. அதே ரிதிமைத் தாமும் செய்துகொண்டு தத்தம் பாடகர்களைப் பாடச் செய்தனர். ஸ்லெங் டெங்கின்மேல் எழுந்த பாட்டுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆசிரியரான கிங் டப்பியும் அவ்வாண்டிலேயே 'டெம்போ' என்னும் மின்ரிதிமை அமைத்து, அந்தனி ரெட் ரோஸைப் பாடவைத்து மாணவருக்கு மறுமொழி தந்தார். இசைத்துறையின் பெருந்துயரம், டப்பி 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டமை.

பெற்றதும் இழந்ததும்

இம்மாற்றத்தால் நன்மை விளைந்ததா, தீமை விளைந்ததா? இரண்டும் விளைந்தன என்பதே நேர்மையான விடை. பெரிய ஒலிப்பதிவுக் கூடமும், கூலிக்கு வாத்தியக் குழுவும் இல்லாத இளைஞர்க்கு வழி திறந்தது. ஸ்டீலி என்ற வைக்ளிஃப் ஜான்சனும், கிளீவி என்ற கிளீவ்லண்ட் பிரௌனும் மின்கருவிகளைக் கொண்டே ஜாமியின் கூடத்தில் எண்ணற்ற ரிதிம்களை அமைத்துப் புகழெய்தினர். மறுபக்கம், முரசறைந்தும் கிதார் மீட்டியும் கூடங்களில் நாட்கூலி பெற்றுவந்த வாத்தியக்காரர் பலர் வேலையிழந்தனர். கைத்தறிக்கு எதிரே ஆலைத்தறி வந்து நின்ற கதைதான் இது.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். ஸ்லெங் டெங் யாருக்கு உரியது? மெட்டமைத்தவர் ஒக்குடா. கருவியைக் கொண்டுவந்தவர் டேவி. பாடியவர் ஸ்மித். வேகத்தைத் தணித்து உலகுக்கு அளித்தவர் ஜாமி. அதனை நிலைநிறுத்தியவர்கள் பின்வந்த பாடகர்கள். பாடகரின் பெயரும் தயாரிப்பாளரின் பெயரும் பரவிய அளவுக்கு மற்ற இருவரின் பெயர் பரவவில்லை. ஒக்குடாவோ, தாம் அமைத்த தாளம் ஜமைக்காவில் பெருவெள்ளமாகப் பாய்ந்ததை ஓர் இசை இதழின் வாயிலாகவே பின்னர் அறிந்தார். காசியோ நிறுவனத்தார் அத்தாளத்தின்பொருட்டுப் பணம் கேட்டு வழக்காடவில்லை. எம்.டி.-40 கருவியின் ஒலியைப் பயன்படுத்தியதாகக் குறிப்பிட்டால் போதும் என்றனர். நம் நாடகப் புத்தகங்களின் 'வர்ணமெட்டு' வழக்கை இது நினைவூட்டுகிறதன்றோ?

எல்லா ரிதிமின் கதையும் இவ்வாறு இனிதாக முடியவில்லை. ஜமைக்காவில் தக்க பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது 1993-இல்தான். அதற்கு முற்பட்ட மெட்டுகள் பல, கேட்பாரின்றிப் பிறர்க்குப் பொருளீட்டித் தந்தன. ஸ்டீலியும் கிளீவியும் 1989-இல் அமைத்த 'ஃபிஷ் மார்க்கெட்' என்னும் ரிதிமின் தாளமே, பின்னர் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் 'ரெகேத்தோன்' என்னும் பேரிசையின் அடித்தளமாயிற்று என்பது இசையறிஞர் பலரின் கருத்து. ஸ்டீலி 2009-இல் மறைந்தார். 2021-இல் கிளீவியும் ஸ்டீலியின் உரிமையாளரும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வழக்கு நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளையும் தழுவி விரிந்தது. தாளம் எவருக்கும் தனியுடைமை ஆகாது என்று எதிர்த்தரப்பார் வாதாடினர். 2024-இல் நீதிபதி, வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட மறுத்து, மேலே நடத்த இடந்தந்தார்.

இவ்வழக்கில் இரு நீதிகள் மோதுகின்றன. ஒரு தாளத்தை வேலியிட்டு அடைத்துவிட்டால், ஒருவர் மெட்டில் மற்றவர் பாடிச் செழித்த ஜமைக்காவின் இசையே தோன்றியிராது. காக்ஸன் டாடின் ரிதிம்களை எடுத்தாண்டு வளர்ந்தவர்களே பின்வந்த தயாரிப்பாளர்கள். வேலியே கூடாதென்றாலோ, வாட்டர்ஹவுஸ் பட்டறையில் உழைத்தவன் கூலியோடு நிற்க, தொலைவிலுள்ளவன் கோடி சேர்ப்பான். ஊர்ப் பொதுக் கிணற்றிலே ஊரார் குடத்தால் மொண்டு செல்வது ஒன்று. வெளியூரான் குழாய் வைத்து இறைத்து விற்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒரே சட்டத்தால் அளக்க முடியாது என்பதே நம் கருத்து.

வெய்ன் ஸ்மித் 2014-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், 48-ஆம் வயதில் கிங்ஸ்டனில் காலமானார். 2018-இல் யுனெஸ்கோ, ஜமைக்காவின் ரெகே இசையை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அச்செல்வத்தைச் சேர்த்தவர்களுள் மேடையேறியவர் சிலர். மேடைக்குப் பின்னே நின்றவர் பலர்.

பொருளைப் பங்கிடுவது நீதிமன்றத்தின் வேலை. பெயரைச் சொல்லுவது நம் ஒவ்வொருவரின் வேலை. ஒரு பாட்டை மாணவர்க்குக் கற்பிக்கும்போது, பாடியவர் இன்னார், மெட்டு இன்னாருடையது, இன்ன பாட்டைப் பின்பற்றியது என்று சொல்லிக் கொடுக்கும் பழைய பழக்கத்தை நாம் கைவிடலாகாது. அச்சொல்லுக்குச் செலவில்லை. ஆயினும் அதனைக் கேட்கும் உரிமை, டோக்கியோவில் தாளம் அமைத்த பெண்ணுக்கும் உண்டு, கிங்ஸ்டனில் கருவியைச் சுமந்துவந்த இளைஞனுக்கும் உண்டு.